மெதுவாகப் பேசுகிறவன்

நான் மெதுவாக நடந்து வந்தால் எங்கள் கம்பெனியில் பேச்சு நின்றுபோகும். வேகமாக வந்தால் ஒன்றுமில்லை. கையில் ஏதோ சாம்பிள் இருக்கிறது, எங்கோ ஒரு பையர் காத்திருக்கிறார் என்று அர்த்தம். வெறுங்கையோடு, அவசரமில்லாமல் வந்தால்தான் ஆபத்து. ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருப்பவர்கள் மிதியிலிருந்து காலை எடுக்கமாட்டார்கள், ஆனால் கண் என் மேல் இருக்கும். கட்டிங் டேபிளிலிருந்து எங்கள் மாஸ்டர் பாய் சத்தமாகக் கேட்பார்.

"இன்னிக்கு யாருக்குங்க சாமியாரே?"

எல்லோரும் சிரிப்பார்கள். நான் யார் மேசை முன்னால் போய் நிற்கிறேனோ அவர் மட்டும் சிரிக்கமாட்டார்.

முதலிபாளையத்தில் பனியன் ஏற்றுமதி செய்யும் கம்பெனி அது. அங்கே நான் மெர்ச்சண்டைசர். பையர் என்கிற, துணி வாங்கும் வெளிநாட்டுக்காரர்களுக்கும் இங்கே தைக்கிறவர்களுக்கும் நடுவில் நிற்கிற வேலை. அவர்கள் மெயிலில் கோபப்படுவார்கள். நான் அதைப் போன் கோபமாக மாற்றி சாயப்பட்டறைக்கும் பிரிண்டிங்குக்கும் கட்டிங்குக்கும் அனுப்புவேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கத்துவதில் நான் யாருக்கும் குறைந்தவனில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். ஏசி அறையில் உட்கார்ந்து ஒருவரைத் திட்டலாம், எதிர்முனையில் "சரிங்க சார்" என்பார்கள் என்பது எனக்குப் புதிதாக இருந்தது. கொஞ்ச நாள் அது பிடித்தும் இருந்தது.

பிறகு அப்பா இறந்தார். சாயப்பட்டறையில் ஈரத்துணி சுமந்தவர். நகக்கண்ணில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் இருக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று என் அடையாள அட்டையை வாங்கித் தன் கழுத்தில் மாட்டி, சுவரிலிருந்த கண்ணாடியில் பார்த்துவிட்டு, கழற்றிக் கொடுத்தார். அவரை எடுத்துப்போகும்போது நான் அழவில்லை. கருமாதி அன்றும் அழவில்லை. "ஏங் கண்ணு, ஒரு வாய் அழுவு. நெஞ்சுல அடச்சுக்கும்" என்று அம்மா முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தாள். அடைத்துக்கொள்ள உள்ளே எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில் கணக்குப் பிரிவில் இருந்த ஒருவர் என்னைத் தியானத்துக்குக் கூட்டிப்போனார். வேலம்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி, ஒரு மளிகைக் கடைக்கு மேல் மாடி. விடிவதற்கு முன்னால் பத்திருபது பேர் பாயில் உட்கார்ந்திருப்பார்கள். புருவ மத்தியில் கவனத்தை வை, மூச்சைப் பார், வருகிற எண்ணத்தை விரட்டாதே, பிடிக்காதே, பார்த்துக்கொண்டே இரு என்றார்கள். மற்றவர்களுக்கு இது எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று பிறகு பேசிக்கொள்ளும்போது தெரியும். கடன் வந்து நிற்கிறது, மாமியார் வந்து நிற்கிறார் என்பார்கள். எனக்கு முதல் நாளே தியானம் கைகூடிவிட்டது. பார்ப்பதற்கு எதுவும் வரவில்லை. "தம்பிக்குப் பூர்வ புண்ணியம்" என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர். நானும் நம்பினேன். நம்பியதில் பொய் இல்லை. அந்த மாடியில் உட்கார்ந்து எழுந்தால் நாள் முழுக்க ஒரு சமநிலை இருந்தது. போனில் கத்துவது தானாக நின்றுபோனது. பையர் பழி சொன்னால் பதில் எழுதினேன். சாயப்பட்டறைக்காரர் பொய் சொன்னால் "சரிங்க, எப்பத் தருவீங்க" என்று கேட்டேன். என் முகத்தைப் பார்த்து அயர்னிங்கில் நிற்கும் ஒடிசாப் பையன் "பாபா" என்று கும்பிடு போடுவான். கம்பெனியே ஏற்றுக்கொண்டது.

இதை முதலாளி கவனித்திருக்கிறார்.

எங்கள் முதலாளி சேவூர்ப் பக்கத்துத் தோட்டக்காரர். விவசாயத்தை அண்ணனிடம் விட்டுவிட்டு நாலு மெஷினோடு தொழிலுக்கு வந்தவர். கூட்டுகிற அம்மாவைக்கூட "வாங்க, போங்க" என்றுதான் பேசுவார். யாரையும் முகத்துக்கு நேரே "இல்லை" என்று சொல்ல வராது. பெண் கொடுக்க விருப்பமில்லை என்றாலும் "பேசிச் சொல்லறமுங்க" என்று காபி கொடுத்து அனுப்புகிற குடும்பம். அப்படிப்பட்டவர் ஒரு கம்பெனி நடத்தினால், வேண்டாததைச் சொல்ல இன்னொரு ஆள் வேண்டும். முன்பு ஒரு மேனேஜர் இருந்தார். அவர் சொன்னால் சண்டை வரும், மெஷின் நிற்கும், முதலாளிக்குப் படபடப்பு வரும். ஒருநாள் முதலாளி என்னைக் கூப்பிட்டு, "தம்பி, அந்தப் பேக்கிங்காரரை ராத்திரி ஷிப்டுக்கு மாத்தோணுமுங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்களே" என்றார். சொன்னேன். பேக்கிங்காரர் என்னைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். சத்தமே இல்லை.

அதற்குப் பிறகு அது என் வேலையாகிவிட்டது. லீவு கிடையாது என்பது, லைன் மாற்றம், அடுத்த வாரத்திலிருந்து வரவேண்டாம் என்பது. நான் சொன்னால் யாரும் கத்துவதில்லை. சிலர் "நல்லா இருங்க தம்பி" என்றுகூடச் சொல்லிவிட்டுப் போனார்கள். அப்போதெல்லாம் உள்ளே பார்ப்பேன், காலையில் பார்க்கச் சொன்னதுபோல. அலை எதுவும் இருக்காது. பயிற்சி நன்றாக வேலை செய்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

பாய் மட்டும் ஒருமுறை சொன்னார். "உங்களுக்கு முன்னாடி இருந்த மேனேஜரு ஒருத்தர வெளிய அனுப்பிட்டு மூணு நாளு சோறு திங்க மாட்டாருங்க. நாங்க அவரத் திட்டிக்கிட்டே டீ வாங்கிக் குடுப்போம். உங்களுக்கு யாருங்க டீ வாங்கிக் குடுக்கறது?"

எனக்கு டீ தேவைப்படவில்லை. அதைத்தான் அவரிடம் சொன்னேன்.

கார்த்திகையில் ஒரு வாரம் முழுக்க மோடம் போட்டிருந்தது. மழையும் இல்லை, வெயிலும் இல்லை. வானம் கழுவாத பாத்திரம் மாதிரி கிடந்தது. அந்த வாரம்தான் ஒரு கருநீல டீ-ஷர்ட் ஆர்டர் செக்கிங்கில் ஓடிக்கொண்டிருந்தது.

செக்கிங்கை நடத்துவது ஒரு அக்கா. மதுரைக்குத் தெற்கே ஏதோ ஊர். புருசன் விட்டுப் போன பிறகு கைக்குழந்தையோடு பஸ் ஏறி வந்தவர். அந்தக் குழந்தை இப்போது பிளஸ் டூ படிக்கிறாள். கம்பெனிக்குப் பின்னால் இருக்கும் லைன் வீட்டில் ஒரு அறை. வேலை இருக்கிறவரைக்கும்தான் அந்த அறை.

தைத்து வரும் பீஸில் ஒரு கையில் ஓட்டை இருந்தால் பீஸைத் தூக்கிப்போட மாட்டோம். அந்தக் கையை மட்டும் பிரித்து வேறு துணியில் வெட்டிய கையை வைத்துத் தைப்போம். பார்ட் மாற்றுவது என்று பெயர். மாற்றுகிற துணி அதே சாய லாட்டாக இருக்கவேண்டும். ஒரே நிறத்தைத்தான் சாயப்பட்டறையில் இரண்டு முறை போடுகிறார்கள், ஆனாலும் இரண்டும் ஒன்றாக வராது. ஒன்றில் ஒரு நூல் சிவப்பு அதிகமாக இருக்கும். டியூப்லைட்டில் தெரியாது. அக்கா இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். பார்ட் மாற்றிய பீஸ்களை அள்ளிக்கொண்டு ஏற்றுமதி வாசலுக்குப் போய் வெயிலில் விரித்துப் பார்ப்பார். வெயிலில் மறைக்க முடியாது என்பார். அந்த வாரம் வெயில் இல்லை.

கட்டிங்கில் பழைய லாட் துணி தீர்ந்துபோய் அடுத்த லாட்டில் கை வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள். வெட்டிய துணிக்கட்டின் மேல் லாட் நம்பர் சீட்டு இல்லை. செக்கிங்கில் யாரும் கேட்கவில்லை. இங்கே ஒரு தப்பு, அங்கே ஒரு தப்பு. பையர் தரப்பு ஆள் வந்து பெட்டியைப் பிரித்த அன்றைக்குத்தான் வெயில் அடித்தது. அவர் ஒரு பீஸை ஜன்னல் பக்கம் பிடித்தார். உடம்பு கருநீலம், ஒரு கை மட்டும் லேசாகக் கத்திரிப்பூ. அடுத்த பெட்டி. அதிலும்.

அன்று பாய்க்கும் அக்காவுக்கும் நடந்த சண்டை தெருவுக்கே கேட்டிருக்கும்.

"கண்ணு என்ன பொடதிலயா இருந்துச்சு உங்களுக்கு? பாத்துப் பாஸ் பண்ண வேண்டியதுதான?"

"நீரு வெட்டிக் குடுத்த கைய நான் சாயம் போட்டா மாத்த முடியும்? சீட்டு கட்டத் தெரியாத ஆளெல்லாம் மாஸ்டராக்கும்! அங்கிட்டுப் போரும்!"

"நான் அங்கிட்டுப் போறேன், பெட்டியில இருக்கற மால் எங்கிட்டுப் போகும்?"

இதில் யாரோ சிரித்துவிட்டார்கள். மதியம் பார்த்தால் பாய் தன் வீட்டிலிருந்து வந்த தூக்குப்போசியிலிருந்து அக்கா தட்டில் கறி போட்டுக்கொண்டிருக்கிறார். "எலும்பா பாத்துப் போடுறீரே, கறி இல்லையாக்கும்" என்கிறார் அக்கா. இருவரும் இன்னும் முகம் சிவந்துதான் இருந்தார்கள்.

மாலை முதலாளி என்னைக் கூப்பிட்டார். பையர் மெயில் அனுப்பியிருந்தார்கள். இப்படி ஏன் நடந்தது, இனி நடக்காமல் என்ன செய்தீர்கள் என்று கேட்டிருந்தார்கள். முதலாளி அதை இப்படிப் புரிந்துகொண்டிருந்தார்.

"யாராவது ஒருத்தர மாத்துனதா காட்டோணுமுங்க தம்பி. மாஸ்டரை விட்டா கட்டிங் நின்னுபோகும். அந்தம்மாவ..." முடிக்கவில்லை. மேசையிலிருந்த பேனாவை நேராக வைத்தார். "நெம்ப வருசமா இருக்கறவங்க. எனக்கும் வெசனமாத்தான் இருக்குது. நீங்க பக்குவமாச் சொல்லிருவீங்க."

"அவங்க பொண்ணுக்குப் பரீட்சை வருதுங்க" என்றேன்.

"ஆமாங்க, பாவம்" என்றார். உண்மையாகவே சொன்னார். "அதுனாலதான் உங்ககிட்டச் சொல்லறேன்."

நான் எழுந்து நடந்தேன். மெதுவாகத்தான் நடந்திருக்கவேண்டும். பேச்சு நின்றது. பாய் "யாருக்குங்க" என்று ஆரம்பித்தவர் நான் போகிற திசையைப் பார்த்துவிட்டு வாக்கியத்தைப் பாதியில் விட்டார். கத்தரிக்கோலைக் கீழே வைத்த சத்தம் கேட்டது.

அக்கா மேசையில் ஒரு பீஸை உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிராமலே கேட்டார்.

"எனக்கா தம்பி?"

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எப்போதும் அப்படித்தான் செய்வேன். நின்றுகொண்டு சொன்னால் அதிகாரமாகத் தெரியும்.

"ஒக்காந்துட்டானா. அப்ப எனக்குத்தேன்" என்று பக்கத்தில் நூல் வெட்டிக்கொண்டிருந்த பெண்ணிடம் சொன்னார். அந்தப் பெண் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள்.

"அக்கா..."

"இரு. நீ ஆரம்பிக்காத. நீ ஆரம்பிச்சா எனக்குத் திட்ட வராது." பீஸை மடித்தார், மறுபடி விரித்தார். "காலையில அந்த மனுசன் அம்புட்டுப் பேச்சுப் பேசுனாரு. நானும் பேசுனேன். வயித்தெரிச்சல்ல அவருக்கும் கண்ணு கலங்கிருச்சு, எனக்கும் கலங்கிருச்சு. இன்னமும் எனக்கு அவரு மேல கோவந்தேன். ஆனா அவரு ஒரு ஆளு. சண்டை போட ஆளு இருக்கு. நீ வந்து இப்படி ஒக்காந்தா, செவுத்துக்கிட்டயா நான் போயி முட்டிக்கிறது?"

நான் மேசையில் கிடந்த வெட்டு நூலை ஒதுக்கினேன்.

"எம் மக உன்னையத்தேன் சொல்லுவா. அந்த அண்ணன் மாதிரிப் படிச்சு ஆபீஸ்ல ஒக்காரணும்னு. ஒரு கேள்வி கேக்குறேன், நெசத்தச் சொல்லு. நீ இப்பச் சொல்ல வந்தியே, அத நெனைக்கயில உள்ளுக்குள்ள ஒனக்கு எதுவும் ஆகுதா, ஆகலையா?"

காலையில் மாடியில் செய்வதை அப்போது செய்தேன். கண்ணை மூடவில்லை, ஆனால் உள்ளே பார்த்தேன். அந்த லைன் வீட்டின் அறையை நினைத்தேன். கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கக்கூடிய பரீட்சை அட்டவணையை நினைத்தேன். ஒன்றும் அசையவில்லை. அப்பாவைத் தூக்கும்போது எப்படி இருந்ததோ அப்படியேதான் இருந்தது. அதே இடம். அதே வெறுமை. மூச்சு மட்டும் ஒழுங்காக வந்து போய்க்கொண்டிருந்தது.

"ஒண்ணும் ஆகலீங்க்கா" என்றேன். "அதான் இப்ப எனக்கே ஒரு மாதிரி இருக்குதுங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "ஒங்கய்யா செத்ததுல இருந்தாய்யா?" என்றார்.

தலையாட்டினேன்.

"நீயின்னும் எதுவும் சொல்லலைல?"

"இல்லீங்க்கா."

"சொல்லாத வரைக்கும் நான் வேலையிலதேன் இருக்கேன். எந்திரி, ஸ்டூலு வேணும்."

எழுந்தேன். அவர் ஸ்டூலைத் தன் பக்கம் இழுத்து அதன்மேல் பீஸ்களை அடுக்க ஆரம்பித்தார்.

அலுவலக அறைக்குத் திரும்பும் வழியில் எனக்குப் பெரிதாக எதுவும் தோன்றியதாகச் சொல்லமுடியாது. ஒரு யோசனை மட்டும் வந்தது. அமைதியாக இருப்பதும் மரத்துப்போயிருப்பதும் டியூப்லைட்டில் ஒரே ஷேடாகத்தான் தெரியும். மாடியில் உட்கார்ந்த மற்றவர்கள் தங்கள் கடனையும் மாமியாரையும் அரைமணி நேரம் பார்த்துச் சகித்து, அதற்குப் பிறகு கொஞ்சம் அமைதி அடைந்தார்கள். நான் நேராகக் கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தேன். ஏறி வந்தேனா என்று யாரும் கேட்கவில்லை.

முதலாளி "சொல்லிட்டீங்களா?" என்றார்.

"இல்லீங்க. நீங்களே சொல்லிருங்க."

"ஏனுங்க தம்பி, உடம்பு கிடம்பு சரியில்லீங்களா?"

"நல்லாத்தான் இருக்கறனுங்க."

"உங்களுக்குத்தான் மனசு எப்பவும் ஒரே நெலையில இருக்குதே."

"அதனாலதானுங்க. எனக்கு வலிக்கலீங்க. வலிக்கறவங்க சொல்லட்டுங்க."

கோபமாகச் சொல்லவில்லை, கோபம் இருந்தால்தானே. டீ ஆறிவிட்டது என்று சொல்வதுபோலத்தான் சொன்னேன். முதலாளி பேனாவை எடுத்தார், மூடியைக் கழற்றினார், மூடினார். "சரிங்க. நான் பாத்துக்கறேன்" என்றார். என் வேலையும் போகும் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன். அதற்கும் உள்ளே ஒன்றும் ஆகவில்லை. அம்மா போட்ட தோசையைத் தின்றுவிட்டுத் தூங்கினேன்.

மறுநாள் முதலாளி தானே செக்கிங் பக்கம் வந்தார். கம்பெனி முழுக்க விஷயம் தெரிந்திருந்தது. மெஷின்கள் ஓடின, ஆனால் யாரும் தைக்கவில்லை. அவர் அக்காவின் மேசை அருகே போய் நின்றார். அக்கா எழுந்து நின்றார்.

"சாப்டீங்களாம்மா?"

"சாப்டேன் மொதலாளி."

அவர் மேசையிலிருந்த பீஸைத் தொட்டுப் பார்த்தார். மடிப்பைச் சரிசெய்தார்.

"பொண்ணு நல்லாப் படிக்குதுங்களா?"

"படிக்கிறா. பரீட்சை வருது."

"ம். நல்லாப் படிக்கச் சொல்லுங்க." கட்டிங் மேசையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "வரட்டுங்களா?" என்றார்.

போய்விட்டார். பாய் வாயில் துணியை வைத்துக்கொண்டு மேசைக்குக் கீழே குனிந்துவிட்டார்.

அடுத்த நாளும் வந்தார். சாப்டீங்களா என்றார். அதற்கடுத்த நாள் வாசல் வரைக்கும் வந்து போன் வந்ததுபோலத் திரும்பினார். அவரைக் கேலியாகச் சொல்லவில்லை. அந்த மனிதருக்கு அந்த ஒரு வாக்கியம் வரவில்லை, அவ்வளவுதான். இத்தனை நாள் நான்தான் அவருக்காக அதைச் சுமந்திருக்கிறேன்.

இதற்கிடையில் பையருக்குப் பதில் எழுதினேன். இனி பார்ட் மாற்றும் கட்டு ஒவ்வொன்றிலும் லாட் சீட்டு இருக்கும், ஷேடை விளக்குப் பெட்டியிலும் வெளிச்சத்திலும் பார்ப்போம், வெயில் இல்லாத நாளில் பார்ட் மாற்றிய பீஸைப் பெட்டியில் போடமாட்டோம் என்று எழுதினேன். யாரை மாற்றினோம் என்று எழுதவில்லை. நன்றி என்று ஒற்றைச் சொல்லில் பதில் வந்தது. யாரையும் அவர்கள் கேட்கவே இல்லை. அதை முதலாளியிடம் காட்டினேன். "அப்பிடீங்களா" என்றார். முகத்தில் தெரிந்த நிம்மதியைப் பார்த்தேன். உள்ளே ஏதாவது ஆனால் இப்படித்தான் இருக்குமோ என்று நினைத்தேன்.

நிறம் மாறிய கைகளைப் பிரித்து மாற்றித் தைத்து சரக்கு போனது. கெட்ட செய்தி சொல்லும் வேலை இப்போது வாட்ஸ்அப் குரூப்புக்குப் போய்விட்டது. அதில் கோபப்பட்டு எழுதுகிறார்கள், பிறகு அழிக்கிறார்கள். நான் மெதுவாக நடந்து வந்தாலும் பேச்சு நிற்பதில்லை. பாய் என்னைச் சீண்டிக்கொண்டே இருக்கிறார்.

"ஒரே ஒரு தடவ கத்துங்க தம்பி. சும்மா, டெஸ்டிங்."

ஒருநாள் முயற்சி செய்தேன். "சாம்பிள் எங்கீங்க பாய்!" என்றேன். குரல் நடுவில் உடைந்து பள்ளிக்கூடப் பையன் குரல் மாதிரி வந்தது. அயர்னிங் ஒடிசாப் பையன்கூடச் சிரித்தான். பாய் டீ வாங்கிக் கொடுத்தார். குடித்தேன்.

மாடிக்கு இன்னும் போகிறேன். உட்கார்கிறேன். இப்போது கடைசிப் படி என்று நினைத்துக்கொள்வதில்லை. சில நாள் அப்பாவின் நகம் வருகிறது, நீலமோ பச்சையோ. பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு மேல் எதுவும் இல்லை. இன்னும் அழவில்லை.

பங்குனி வெயில். அக்காவின் மகள் கடைசிப் பரீட்சைக்குப் போயிருந்த அன்று, அக்கா என்னை ஏற்றுமதி வாசலுக்குக் கூப்பிட்டார். வாட்ஸ்அப்பில் அல்ல, கத்தித்தான் கூப்பிட்டார். பார்ட் மாற்றிய ஒரு பீஸை இரண்டு கைகளிலும் விரித்துப் பிடித்திருந்தார்.

"ஒத்தக் கண்ணு போதாது தம்பி, இங்கிட்டு வா. ஒண்ணா, ரெண்டா?"

பார்த்தேன். எனக்கு ஒரே ஷேடாகத்தான் தெரிந்தது. அப்படியே சொன்னேன்.

"அவசரப்படாத. கொஞ்ச நேரம் நின்னு பாரு."

நின்றேன். வெயில் பிடரியில் சுட்டது. அவர் துணியை லேசாகச் சாய்த்தார்.

"கை கொஞ்சம் செவப்புங்க்கா" என்றேன்.

"ம். தள்ளி வை" என்று என்னிடம் கொடுத்துவிட்டு, அடுத்ததை விரித்தார்.